வடிவா என்ற சொல் எனக்குத் தெரியும்

என் அன்பு வதனி அக்காவுக்கு,

நீங்கள் இருந்தபோது உங்களுக்கு ஒரு கடிதம்கூட நான் எழுதியதில்லை. எதற்கு எழுத வேண்டும்? நாம் குடியேறிய ஒனிஹங்காவில் உங்கள் வீட்டுப் பின்கதவைத் தட்டினால் போதுமே. இப்போது தட்டினால் அத்தான் வந்து திறக்கிறார். "வாங்கோ தம்பி, இருங்கோ" என்கிறார். அதற்குமேல் என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரிவதில்லை.

அத்தான் புட்டு அவிக்கப் பழகிக்கொண்டிருக்கிறார். போன மாதம் ஒரு ஞாயிறு எனக்கும் ஒரு தட்டு வைத்தார். கல் மாதிரி இருந்தது, அக்கா. நான் வாயைத் திறக்குமுன் அவரே, "உங்கட அக்கா இருந்தால் இதை எறிஞ்சிருப்பா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். நீங்கள் வேலை பார்த்த பிரசவ வார்டின் நர்ஸ்கள் இரண்டு பேர் வாரம் ஒருமுறை வந்து தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கடிதத்தை நம் சங்கத்தின் மாத இதழுக்கு அனுப்பப் போகிறேன். உங்களிடம் மட்டும் சொல்வதென்றால் உங்கள் படத்தின் முன் நின்று முணுமுணுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நான் பொய் சொன்னது ஊரறிய. போன வருடம் அதே இதழில்தான் என் படம் பெரிதாக வந்தது, ஆப்பிரிக்கக் கிராமத்துக்கு உதவிய நம்மவர் என்று. நீங்கள் அந்தப் படத்தில் ஓரமாக, பாதித் தோளுடன் நின்றிருந்தீர்கள்.

நீங்கள் மறைந்த முப்பத்தோராம் நாளன்று மண்டபத்தில் ஆளாளுக்கு உங்களைப் பற்றிப் பேசினார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். அழுகிற இடத்தில் கொஞ்சம் சிரிக்க வைப்போம் என்று நினைத்தேன். எனக்கு எப்போதும் இந்தப் புத்தி உண்டு, மைக் கையில் வந்தால் கைதட்டல் கேட்க வேண்டும்.

அதனால் அந்தப் பலகைக் கதையைச் சொன்னேன். மலாவியில் கர்ப்பிணிகள் தங்க நீங்கள் கட்டிய வீட்டுக்குப் பெயர்ப்பலகை செய்யும் பொறுப்பு என்னுடையது. நீங்கள் அங்கிருந்து குரல் செய்தி அனுப்பினீர்கள்: "தம்பி, பேர் எல்லாம் அனுப்பியிருக்கிறன். பலகையை வடிவாச் செய்யுங்கோ." யாழ்ப்பாணத்தில் வடிவா என்றால் ஒழுங்காக, கவனமாக. எங்கள் மதுரையில் வடிவு என்றால் அழகு. நான் அழகாகச் செய்யச் சொல்கிறீர்கள் என்று நினைத்துப் பலகையில் இரண்டு மயில், ஒரு தாமரை, சுற்றிலும் கொடி என்று போட்டுவிட்டேன், நீங்கள் அனுப்பிய பெயர்களுக்கு இடமே இல்லாமல் போய்விட்டது என்றேன். மண்டபம் சிரித்தது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள்.

சாப்பாட்டுக்குக் கை கழுவும் இடத்தில் அத்தான் என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் குரலை உயர்த்துகிற மனிதரா? மெதுவாகத்தான் கேட்டார்.

"தம்பி, மூண்டு வருசம் எங்கட வீட்டில சாப்பிட்டனீங்கள். 'வடிவாச் சாப்பிடுங்கோ' எண்டு அவ சொல்லேக்க, நீங்கள் சோத்தில கோலம் போட்டனீங்களோ?"

துண்டில் கையைத் துடைத்துவிட்டுப் போய்விட்டார். நான் குழாயை மூடாமல் அப்படியே நின்றேன்.

அக்கா, எனக்கு அந்தச் சொல் தெரியும். நானும் லட்சுமியும் கைக்குழந்தையோடு இந்த நாட்டுக்கு வந்து, உங்கள் வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்த காலத்தில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்ட சொல் அது. வடிவாத் துடையுங்கோ. வடிவா யோசிச்சு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கோ. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது, "இந்த மருந்தை வடிவா அளந்து குடுங்கோ" என்றீர்கள். அப்போது நான் மருந்தை அழகாகவா கொடுத்தேன்?

நடந்ததை இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு வருடமும் உங்கள் விடுப்பை எடுத்துக்கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போவீர்கள். ஊரில் எல்லோரும் ஃபிஜிக்கும் பாலிக்கும் போகும்போது, நீங்கள் மலாவியில் ஒரு சின்ன சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்கப் போனீர்கள். நிறைமாதக் கர்ப்பிணிகள் வெகுதூரம் நடந்து வந்து, வலி எடுக்கும்வரை மரத்தடியில் படுத்துக் காத்திருக்கிறார்கள் என்று வந்து சொன்னீர்கள். அவர்கள் தங்குவதற்கு ஒரு வீடு வேண்டும். "நீங்கள் நல்லாக் கதைப்பீங்கள் தம்பி, நாலு பேரிட்டக் கேளுங்கோ" என்று என்னிடம் விட்டீர்கள்.

நான் பேசினேன். எல்லர்ஸ்லியில் என் அலுவலகத்தில் பேசினேன், கோயிலில் பேசினேன், மண்டபம் பிடித்து இரவு விருந்து வைத்துப் பேசினேன். நன்றாகவே பேசினேன். கொடுக்கிற எல்லோருடைய பெயரும் சுவரில் வரும் என்று சொன்னதும் நானேதான். நம் ஆட்களைத் தெரியாதா? கோயில் ட்யூப்லைட்டில் உபயம் என்று எழுதி, முகவரியும் எழுதி, கடைசியில் வெளிச்சம் வர இடமில்லாமல் செய்கிறவர்கள் நாம். இப்படித்தான் அன்று நினைத்துக்கொண்டேன். பிறரைக் கேலி செய்வது எவ்வளவு சுலபமாக இருந்தது.

பணம் நாங்கள் கொடுத்தோம். செங்கல்லை அந்த ஊர்ப் பெண்கள் அறுத்தார்கள். ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்து, மண் குழைத்து, அச்சில் போட்டு, காயவைத்து, சூளை வைத்துச் சுட்டார்கள். அவர்கள் பெயர்களை ஒரு நோட்டில் நீங்கள் எழுதி, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பினீர்கள். குண்டு குண்டான ஆங்கில எழுத்து, ஒரு அடித்தல்கூட இல்லை. உங்கள் பெயர் அதில் இல்லை.

ஒடாஹுஹுவில் பெயர் செதுக்கும் கடைக்காரர் கணினியில் மாதிரியைக் காட்டினார். நம் ஆட்களின் பெயர்கள், கீழே செங்கல் அறுத்தவர்களின் பெயர்கள். பித்தளைத் தகட்டில் எல்லாம் சரியாகவே அடங்கியது, அக்கா. அடங்கவில்லை என்று நான் சொன்னது பொய். என் பெயரும் மற்ற எல்லாவற்றோடும் ஒன்றாக, சின்னதாகக் கிடந்தது. இதற்காகவா இத்தனை மாதம் அலைந்தேன் என்று தோன்றியது. அவர்கள் பெயர்களை எடுத்துவிடச் சொன்னேன். அந்த இடத்தில், இப்பணியை முன்னின்று நடத்தியவர் என்று போட்டு என் பெயரைப் பெரிதாக, தமிழிலும் ஆங்கிலத்திலும் போடச் சொன்னேன். அப்புறமும் கொஞ்சம் காலி இடம் இருந்தது. மயில்கள் அதற்காக வந்தவை.

ஒரு நிமிட வேலை. கடைக்காரர், "ஆர் யூ ஷுவர்?" என்று ஒரு தடவை கேட்டார். "ஷுவர்" என்றேன்.

நீங்கள் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத் திறப்பு விழாவுக்கு நீங்கள் கிளம்பும் நாள்வரை தகட்டைக் கண்ணில் காட்டவில்லை. விமான நிலையத்தில் வைத்துத்தான் கொடுத்தேன். "பிரிக்காதீங்க அக்கா, அங்க போய்ப் பாருங்க, சர்ப்ரைஸ்" என்றேன். எடை கூடிவிட்டது. நீங்கள் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, வார்டு நர்ஸ்கள் பிள்ளைகளுக்காகப் பின்னிக் கொடுத்த கம்பளித் துணிகளை எடுத்து என்னிடம் தந்துவிட்டு, அந்த இடத்தில் என் பெயரை வைத்தீர்கள். தபாலில் அனுப்புகிறேன் என்றேன். அந்த மூட்டை இன்னும் எங்கள் கராஜில் இருக்கிறது.

திறப்பு விழாவன்று போன் செய்தீர்கள். "தம்பி, ஆக்களின்ர பேர் எங்க?" என்று கேட்டீர்கள். எனக்கு எப்படித்தான் அந்தப் பதில் அவ்வளவு வேகமாக வந்ததோ. "அக்கா, எங்க ஊர்ல வடிவுன்னா அழகுதானே! நீங்க அழகா செய்யச் சொன்னீங்கன்னு நெனச்சு மயிலெல்லாம் போட்டேன், எடம் பத்தல!" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். "உங்கட தமிழும் நீங்களும்" என்றீர்கள்.

நம்பித்தான் சிரித்தீர்களா?

திரும்பி வந்த இரண்டாவது மாதம் நோய் என்றார்கள். மருத்துவமனைக்கு வாராவாரம் வந்தேன். ரசம் கொண்டு வந்தேன், ஊர்க் கதையெல்லாம் பேசினேன். சொல்ல நேரம் கிடைக்கவில்லை என்று யாரிடமும் நான் சொல்ல முடியாது. உங்கள் கட்டிலருகே எத்தனையோ மதியங்கள் சும்மா உட்கார்ந்திருந்தேன். நீங்கள் ஒருநாளும் பலகையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அந்தப் புட்டு சாப்பிட்ட ஞாயிறு, நானாகவே அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உள்ளே போய் உங்கள் போனை எடுத்து வந்தார். ஒரு வீடியோவைப் போட்டார். நீங்கள் எடுத்தது.

சுவரில் பலகை. அதன் முன்னால் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள், நல்ல துணி உடுத்தி. முதலில் நின்றவரை நீங்கள் எஸ்நாத் என்று கூப்பிடுகிறீர்கள். நடு வயதிருக்கும், தலையில் மஞ்சள் துணி. தன் பெயரை மட்டும் வாசிக்கத் தெரிந்தவர் என்று அத்தான் சொன்னார். அவர் தகட்டின் முதல் வரியில் விரலை வைக்கிறார். மெதுவாக நகர்த்துகிறார். அடுத்த வரி. அதற்கடுத்த வரி. தமிழ் எழுத்தையும் விடவில்லை. கடைசியில் என் பெயரில் விரல் நிற்கிறது, இது தன் பெயராக இருக்குமோ என்று கொஞ்சம் யோசிக்கிறார். பிறகு மயிலையும் தடவிப் பார்க்கிறார். திரும்பி உங்களைப் பார்த்து ஏதோ கேட்கிறார். உங்கள் குரல் மட்டும் கேட்கிறது. "நெக்ஸ்ட் டைம், எஸ்நாத். நெக்ஸ்ட் டைம்."

"அக்காவுக்குத் தெரியுமா அத்தான்? நான் வேணும்னுதான் செஞ்சேன்னு?" என்று கேட்டேன்.

"என்னட்ட ஒண்டும் சொல்லேல்ல" என்றார். "ஆனா உந்த வீடியோவை அழிக்கவும் இல்லை."

என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை, அக்கா. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று நினைத்தேன். அவர் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவ ஆரம்பித்தார்.

மறுநாளிலிருந்து, பணம் கொடுத்தவர்களை ஒவ்வொருவராக போனில் கூப்பிட்டேன். புதுப் பலகை செய்ய வேண்டும், உங்கள் பெயர் சின்னதாகலாம், இல்லாமலும் போகலாம் என்று சொல்ல வேண்டுமே. சண்டைக்கு வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். கிள்ளானிலிருந்து வந்த செல்வியை நினைவிருக்கிறதா, எல்லோரையும்விட அதிகம் கொடுத்தவர்? அவர்தான் முதலில் எடுத்தார்.

"எங்க பேர எடுத்துருங்க சரவணன். செங்கல் அவங்க சுமந்தது. நீங்க அப்பவே ஒரு வார்த்த கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்லா" என்றார்.

ஏறக்குறைய எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். ஒருவருக்குத் தன் பெயர் பலகையில் இருக்கிறது என்பதே மறந்து போயிருந்தது. நான் கேலி செய்த அந்த உபயக்காரர்கள் யாரும் இடம் கேட்கவில்லை. இடம் தேவைப்பட்டது எனக்கு மட்டும்தான்.

உங்களோடு வேலை பார்த்த அந்த ஊர் மருத்துவச்சிக்கு எழுதினேன். விவரம் எதுவும் சொல்லவில்லை, பெயர்களின் எழுத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். சரிபார்த்து அனுப்பினார். கூடவே ஒரு வரி. பலகையில் பெரிய எழுத்தில் இருக்கும் மனிதர் எப்போது வருவார் என்று பெண்கள் வெகுநாளாகக் கேட்கிறார்களாம். அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். அவர் வந்தால் பாடுவதற்கு ஒரு பாட்டும் கட்டி வைத்திருக்கிறார்களாம், அதில் என் பெயர் வருகிறதாம்.

அந்த வரியை வாசித்தபின் அன்று அலுவலகத்தில் எனக்கு வேலை ஓடவில்லை. காரில் போய் உட்கார்ந்து அழுதேன்.

ஜூலையில் விடுப்பு கிடைத்திருக்கிறது. அந்த வீட்டுக்கு ஜன்னல்களுக்கு வர்ணம் பூச வேண்டும், தண்ணீர்த் தொட்டி கழுவ வேண்டும், அதற்கெல்லாம் ஆள் வேண்டும் என்றார்கள். போகிறேன். உங்களைப் போல் பிரசவம் பார்க்க எனக்குத் தெரியாது, தூரிகை பிடிக்கத் தெரியும். கராஜில் இருக்கும் மூட்டை முதலில் பெட்டிக்குள் போகும். புதுத் தகட்டில் நீங்கள் நோட்டில் எழுதிய பெயர்கள் மட்டும் இருக்கின்றன, அத்தான் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துவிட்டார். உங்கள் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்டேன், அவ விரும்ப மாட்டா என்றார்.

ஆனால் பலகையை மாற்றிவிட்டு வருவது பெரிய காரியமில்லை. அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். நான் உங்களுக்குத் தரும் வாக்கு வேறு. அந்தப் பெண்கள் பாட ஆரம்பிக்குமுன் நிறுத்தச் சொல்வேன். மருத்துவச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் பெயர்கள் எனக்கு வந்தன, இடமும் இருந்தது, எடுத்தது நான் என்று சொல்வேன். மொழி புரியவில்லை என்று இந்தத் தடவை சொல்ல மாட்டேன். அதன்பிறகும் அவர்கள் பாடினால் பாடட்டும், பாடாமல் எழுந்து போனாலும் போகட்டும். நான் அங்கேயே நிற்பேன்.

இப்படிக்கு,
தெரிந்தே செய்த உங்கள் தம்பி,
சரவணன்