யாரும் வராத சர்வர் அறை

ஜூன் 3, திங்கள்

பல்கலைக்கழகக் கணினி மையத்தின் புது சர்வர் அறைக்கு இன்று மின்சாரம் வந்துவிட்டது. எல்லாத் துறைகளின் சர்வர்களும் ஒரே இடத்தில், ஒரே குளிர்ச்சியில், தினமும் நகல் எடுத்து வைக்கப்பட்டு — இதற்காக மூன்று வருடம் படியேறி இறங்கியிருக்கிறேன். துறைகள் பதினொன்று. சம்மதக் கடிதம் கொடுத்தவை இரண்டு.

கணவர் விலங்கியலில்தானே இருக்கிறார், வீட்டிலிருந்தே தொடங்குவோமே என்று காலையில் இவரிடம் கேட்டேன். “துறைக் கூட்டத்துல வரட்டும், பாப்போம்” என்றார், செய்தித்தாளைத் தாழ்த்தாமலே.

ஜூன் 19, புதன்

விலங்கியலுக்குப் போனேன். அவர்களுடைய சர்வர் ஒரு சாமான் அறையில், ஜாடியில் போட்ட பாம்புகளுக்கு நடுவே இருக்கிறது. மேலே ஏசி ஒழுகுகிறது. ஒழுகலைப் பிடிக்க சர்வரின் தலைமேலேயே ஒரு வாளி. சத்தியமாக.

துறைத் தலைவர் மரியாதையாக உட்காரச் சொன்னார். “நாப்பது வருஷமா இந்தத் துறை சொந்தக் கால்ல நிக்குது மேடம். இன்னிக்கு சர்வரக் கேக்கறீங்க. நாளைக்கு லேபையும் பொதுவாக்கணும்பீங்க.” போன வருடம் தேர்வு முடிவு நேரத்தில் எங்கள் மையம் நான்கு நாள் படுத்துக் கிடந்ததையும் நினைவூட்டினார். அது உண்மைதான். அதனால்தான் புது அறை என்றேன். காதில் விழவில்லை.

வாளியைப் பற்றிச் சொன்னேன்.

“பெரிய வாளியா வைக்கச் சொல்றேன்.”

ஜூலை 5, வெள்ளி

இவருடைய ஆய்வு மாணவி வந்தாள். துறையில் எல்லாரும் அவளைத் தவளைக்காரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஐந்து மழைக்காலம் ஊருக்கு வெளியே ஒரு குளத்தில் முழங்காலளவு தண்ணீரில் நின்று தவளைகளின் குரலைப் பதிவு செய்திருக்கிறாள். எல்லாம் அந்த வாளிக்குக் கீழேதான். முதல் இரண்டு வருடத்துக்கு மட்டும் அவளிடம் நகல் உண்டு. மீதியை வைக்க அவளிடம் அவ்வளவு பெரிய டிஸ்க் இல்லை.

“அக்கா, நீங்களே ஒரு காப்பி எடுத்து வச்சிருங்களேன். யாருக்கும் தெரிய வேணாம்.”

முடியும். நெட்வொர்க் என் கையில்தான். ஒரு மத்தியான வேலை.

“தலைவர் கையெழுத்து இல்லாம நான் தொடக்கூடாதும்மா” என்றேன். விதி அப்படி. அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன்.

ஜூலை 26, வெள்ளி

வாளியைப் பற்றித் துறைத் தலைவரிடம் போனில் இன்னும் இரண்டு முறை சொல்லியாயிற்று. இன்று விலங்கியல் துறைக் கூட்டக் குறிப்பு வந்தது. பொது அறை வேண்டாம் என்று ஏகமனதாகத் தீர்மானம். ஆறு கையெழுத்து. நான்காவது இவருடையது.

பதினாறு வருடமாக ரேஷன் படிவத்திலும் பிள்ளையின் மார்க் ஷீட்டிலும் பார்த்துப் பழகிய கையெழுத்து. தெரியாமலா போகும்?

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

“என்னோட பதவி உயர்வு ஃபைல் அவர் மேசைல கிடக்கு. உனக்குத் தெரியும்ல?”

“உங்க மாணவியோட வேலை அதுல இருக்கு. அது உங்களுக்குத் தெரியும்ல?”

“ஒண்ணும் ஆகாது. இத்தன வருஷம் ஆகலியே.”

பிறகு இருவரும் டிவி பார்த்தோம். என்ன ஓடியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மூன்று நாள் விடுமுறை முடிந்து சாமான் அறையைத் திறந்திருக்கிறார்கள். வாளி நிரம்பி வழிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

மூன்று நாளாகப் பார்க்கிறேன். ஆறு டிஸ்கில் ஒன்றுகூட எழவில்லை. வெளியே அனுப்பியும் பார்த்தோம், அவர்களும் கையை விரித்துவிட்டார்கள். துறைத் தலைவரின் சொந்தக் கோப்புகளும் போய்விட்டன. அவர் வந்து வாசலிலேயே சற்று நேரம் நின்றார். டிஸ்குகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

தவளைக்காரி என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. இந்த மழைக்காலத்தில் திரும்பப் பதிவு செய்ய முடியுமா என்று நான்தான் கேட்டேன். ஏன் கேட்டேன்?

“குளத்த மூடிட்டாங்கக்கா. வீடு கட்டறாங்க.”

ஒரு மத்தியான வேலை. ஒரே ஒரு மத்தியானம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இவர் காலையில் எங்கோ போய்விட்டு வந்தார். செருப்பெல்லாம் சிமெண்ட். குளத்தடிக்குத்தான் போயிருக்கிறார். கழுவி வெயிலில் வைத்தேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

விசாரணைக் குழு கூடியது. தலைவர் — அதே துறைத் தலைவர். மூத்தவர் அவர்தானாம், மரபாம். முடிவு: கணினி மையத்துக்கும் துறைகளுக்கும் இடையே ஒருங்கிணைப்பு போதவில்லை. பரிந்துரை: பொது சர்வர் பற்றி ஆராய இன்னொரு குழு.

சம்மதித்த இரண்டு துறைகளில் ஒன்று இன்று கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. குழு முடிவு வரட்டும் என்கிறார்கள்.

செப்டம்பர் 18, புதன்

தவளைக்காரிக்கு ஒரு வருட நீட்டிப்பு வேண்டும். அதற்குத் தரவு அழிந்தது என்று மையத்திலிருந்து கடிதம் வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதினேன். என் கடிதம் பதிவாளர் வழியாகத்தான் போகவேண்டும்.

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “மூன்று முறை எச்சரித்தும்னு ஒரு வரி இருக்கே மேடம். அத எடுத்துட்டா இன்னிக்கே அனுப்பிடறேன். அந்தப் பொண்ணுக்காகத்தான் சொல்றேன்.”

மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

செப்டம்பர் 19, வியாழன்

எடுத்துவிட்டேன். கெடு நாளையோடு முடிகிறது. என் ரோஷத்துக்கு அவள் ஏன் காத்திருக்க வேண்டும்?

அக்டோபர் 10, வியாழன்

நீட்டிப்பு மறுப்பு. ஆணையில் ஒரு வரி: துறையின் கவனக்குறைவு என்பதற்கு ஆதாரம் இல்லாத நிலையில், தன் தரவைக் காத்துக்கொள்வது மாணவரின் பொறுப்பே.

ஆதாரம் இல்லாத நிலையில்.

நான்தானே அழித்தேன் அதை. பேக்ஸ்பேஸ் அமுக்கி, ஒவ்வொரு எழுத்தாக.

அவளிடம் சொல்லிவிட்டேன், எந்த வரி, யார் எடுத்தது என்று. “நீங்க நல்லதுக்குத்தானக்கா பண்ணீங்க” என்றாள். திட்டியிருக்கலாம். திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

நவம்பர் 25, திங்கள்

துறைத் தலைவர் டீன் ஆகிவிட்டார். விலங்கியலுக்கு இனி இவர்தான் தலைவர். அம்மா போனில் இரண்டு தடவை வாழ்த்தினாள். நானும் கை கொடுத்தேன். இவர் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

டிசம்பர் 12, வியாழன்

இவருடைய துறைக்குப் புது சர்வர் வந்திறங்கியிருக்கிறது. சொந்த சர்வர். “இப்பத்தான தலைவர் ஆயிருக்கேன். உடனே அவர் தீர்மானத்த மாத்தினா நல்லா இருக்காது. ஒரு வருஷம் போகட்டும்” என்கிறார்.

ஜனவரி 8, புதன்

இரவுச் சாப்பாட்டின்போது பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். தவளைக்காரி ஆய்விலிருந்து விலகிக்கொள்கிறாள். வழிகாட்டிக்கு ஒரு கட்டம், துறைத் தலைவருக்கு ஒரு கட்டம். இரண்டும் இவரே.

“நாளைக்குக் கடைசி நாள். பேனா இருக்கா?”

கொடுத்தேன். என் தட்டை நகர்த்தி, படிவத்துக்கு இடம் விட்டேன்.