பொங்கல் சீருக்குள் ஒரு கணக்கு

எருமப்பட்டி
10-1-1938

அன்புத் தங்கச்சிக்கு,

சீர் கொண்டுவர வேண்டியவன் நான்தான். நேரில் வர முகமில்லாமல் அம்மாவை அனுப்புகிறேன். புடவை மடிப்பில் இருக்கும் இதை மாமியார் பார்க்காமல் எடுத்துக்கொள்.

நான் இரவல் வாங்கி வந்த கல்லூரிக் கணக்குப் புத்தகத்தைப் பதினாலு வயதில், கடைசிக் கணக்கு ஒன்று தவிர, நீதான் முடித்தாய். பெண்பிள்ளை போட்டது என்றால் பிரித்தே பார்க்கமாட்டார்கள் என்று உன் விடைகளை என் பெயரில் சென்னைக் கல்லூரிப் பேராசிரியருக்கு அனுப்பினேன். கல்லூரியில் இடம் கிடைத்தது. எனக்கு.

கல்யாணம் முடிந்து ஓமலூருக்கு வண்டி ஏறும்போது, "அந்தக் கடைசிக் கணக்கு இன்னும் முடியலீங்ணா" என்றாய். நான் உன் பெட்டியைத் தூக்கி வைத்தேன்.

பழைய கூர்மை எங்கே போனது என்று பேராசிரியர் கேட்கிறார்.

இத்துடன் ஒரு கணக்கு இருக்கிறது. அம்மா புதன்கிழமை திரும்புவாள், அதற்குள் போட்டுக் கொடு. விடை மட்டும் போதாது, எனக்குப் புரியும்படி எழுது.

உன் அண்ணன்