நடுவில் தண்ணீர் நிற்கட்டும் என்றாய்

என் அருமை மச்சான் கனகு,

உன் முப்பத்தோராம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. பந்தலைப் பிரித்துக் கொண்டு போய்விட்டார்கள். எனக்குக் களைப்பாக இருக்கிறது. நித்திரை கொண்டால் போகிற களைப்பில்லை இது.

மானிப்பாயில் எங்கள் ஸ்ரூடியோவைத் திறந்துவிட்டேன். திறக்காமல் என்ன செய்வது? நாள் முழுக்கப் பாஸ்போட் படம்தான். ஊரில் இருக்கிற இளந்தாரிகள் எல்லாரும் எங்கேயோ போகப் போகிறார்கள். தாடையைத் தூக்கு, காது தெரியட்டும் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உளைகிறது. எல்லாம் நிமிர்ந்த படம், அகலத்தைவிட உயரம் கூடினது. நீ இருந்திருந்தால் பின்னால் இருட்டறையில் இருந்து குரல் கொடுத்திருப்பாய். "உனக்குப் பிடிச்ச வேலைதானே மச்சான், நல்லாய் நிமித்திப் பிடி."

எங்கள் இரண்டு பேருக்கும் தீராத சண்டை என்று இருந்தது அது ஒன்றுதானே. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே கமராவைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் திரிவோம். வயல், கடற்கரை, கோயில் வீதி, எதைக் கண்டாலும் நான் கமராவை நிமிர்த்துவேன். கலண்டருக்குப் படம் வாங்குகிற கடைக்காரர்களும் அப்படித்தான் கேட்பார்கள். நீயோ ஒருநாளும் நிமிர்த்தியதில்லை, குறுக்காகப் படுக்கவைத்துத்தான் பிடிப்பாய்.

"எங்கடை ஊரிலை மலை இருக்கோ? நிமித்திப் பிடிச்சால் மேலை வெறும் வானந்தான் வரும்" என்பாய்.

"பனை நிக்குதெல்லோ. பனையைப் படுக்கவைச்சே பிடிக்கிறது?" என்று நான் கேட்பேன். நீ சிரித்துக்கொண்டே சைக்கிளை மிதிப்பாய்.

தொண்டைமானாற்றுக்குப் போன அந்த மாரிகாலம் உனக்கு நினைவிருக்கும். தண்ணீர் மறுகரை வரைக்கும் நிறைந்து கிடந்தது. உன்னை ஒரு படம் எடுக்கிறேன் என்று நான் கமராவைத் திருப்ப, நீ ஓடிவந்து என் கையைப் பிடித்தாய். "நிமித்தாதை. நான் ஓரத்திலை நிக்கிறன். நடுவிலை தண்ணி நிக்கட்டும்." போய் இடப்பக்க ஓரத்தில் நின்று, என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தாய். எனக்குச் சரியான கோபம். ஆளை எடுக்கச் சொன்னால் ஆற்றை எடுக்க வைக்கிறான் என்று முணுமுணுத்துக்கொண்டுதான் எடுத்தேன்.

நீ கண்ணை மூடியபின் கல்வெட்டு அடிக்கவேண்டி வந்தது. முப்பத்தொன்றுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகம் அல்லவா, முதல் பக்கத்தில் உன் படம் வேண்டும். தேடிப் பார்த்தால் ஊருக்கெல்லாம் படம் பிடித்த உனக்கு இருந்தது இரண்டே படம். ஒன்று கலியாணப் படம். அதில் நீ மீசை அரும்பின பொடியன், யாருக்கும் அடையாளம் தெரியாது. மற்றது தொண்டைமானாறு. பாஸ்போட் படமாவது எடுத்து வைத்திருக்கக்கூடாதா? கேட்டபோதெல்லாம் நான் எங்கே போகப் போகிறேன் என்றாய்.

உன் பெரியண்ணர் படத்தைப் பார்த்துவிட்டு மேசையில் போட்டார். "செத்த மனுசன்ரை படம் எண்டால் நெஞ்சுமட்டும் இருக்கோணும், நேரை எங்களைப் பாக்கோணும். உதிலை ஆளை எங்கையெண்டு தேடுறது? சுடலையிலை படுக்கப்போட்டது போதாதே, புத்தகத்திலையும் படுக்கப்போடுறதோ?"

அவர் சொன்னதிலும் பிழையில்லை என்றே பட்டது. நான் எப்போதும் சொன்னதைத்தானே அவரும் சொன்னார். இருட்டறைக்குள் போய், உன்னை மட்டும் பெருப்பித்து, மிச்சத்தை வெட்டி, நிமிர்ந்த படமாக்கினேன். முகம் புள்ளி புள்ளியாக வந்தது. ஆனாலும் நீதான், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. ஈரம் காயமுன்னமே பூமணியிடம் கொண்டு போனேன். எனக்குத் தங்கை, உனக்குப் பெண்சாதி. அவளுக்குப் பிடித்தால் போதும் என்று நினைத்தேன்.

படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். "இவர் எதைப் பாத்துக்கொண்டு நிக்கிறார் அண்ணை?"

"தண்ணியை."

"தண்ணி எங்கை?"

"வெட்டிப்போட்டன்."

"ஒண்டையும் பாக்காமல் நிக்கிற மனுசனை நான் சுவரிலை மாட்டமாட்டன்" என்றாள். அதன்பிறகுதான் அழுதாள். செத்தவீட்டில்கூட அழாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவள். அந்த அழுகையை எனக்குத் தாங்க ஏலாமல் போய்விட்டது, மச்சான்.

அச்சகக்காரரிடம் முழுப்படத்தையும் கொடுத்தேன். நிமிர்ந்த பக்கத்துக்குள் அடக்கினால் தீப்பெட்டி அளவுதான் வரும். பக்கம் முழுக்க வரவேண்டுமென்றால் படத்தைத் திருப்பிக் குறுக்காகத்தான் போடவேண்டும்.

"சனம் எங்களுக்கு அச்சடிக்கத் தெரியாதெண்டெல்லோ கதைக்கும்" என்றார்.

"கதைக்கட்டும்" என்றேன். எதிர்த்துக் கதைக்கிற சக்தி யாருக்கு இருந்தது?

முப்பத்தொன்று அன்று கீரிமலையில் காரியம் முடித்து, வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுக்குப் பிறகு கல்வெட்டைக் கொடுத்தோம். திறந்தவர்கள் ஒரு கணம் முழித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகப் புத்தகத்தைத் திருப்பிப் பிடித்தார்கள். பந்தல் முழுக்க அப்படியே திரும்பியது. எல்லாரும் தேடித்தான் உன்னைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தவர்கள் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் காட்டினார்கள்.

உன் பெரியண்ணர் கடைசியாகத்தான் திறந்தார். கண்ணாடியைப் போட்டு, திருப்பி, உன்மேல் விரலை வைத்தார். அப்படியே தண்ணீரின் மேலால் மறுகரை வரைக்கும் விரலை இழுத்துக்கொண்டு போனார்.

"சின்னனிலை உவனை முதுகிலை ஏத்திக்கொண்டு நான் நீந்தின இடமெல்லோ உது" என்றார். இன்னொரு பிரதி கேட்டு வாங்கி மடிக்குள் வைத்துக்கொண்டார்.

இதெல்லாம் உனக்குத் தெரிந்துதான் ஓரத்தில் போய் நின்றாயா? ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை?

பனை விஷயத்தில் நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. அது வேறு. ஆனால் ஒன்று செய்வேன், மச்சான். வருகிற மாரியில் தொண்டைமானாறு நிறையும்போது பூமணியைக் கூட்டிக்கொண்டு போவேன். கமராவை நிமிர்த்தமாட்டேன். அவளை வலப்பக்க ஓரத்தில், தண்ணீரைப் பார்த்தபடி நிற்கவைத்து எடுப்பேன். அவள் வீட்டுச் சுவரில் உன் முழுப்படத்தை மாட்டி, அதன் வலப்பக்கத்தில் இதை மாட்டுவேன். நீ அந்த ஓரம், அவள் இந்த ஓரம். நடுவில் தண்ணீர் நிற்கட்டும்.

பனைக்காக இன்னும் உன்னோடு சண்டை பிடிக்கிற,
உன் மச்சான்
நடராசா