குளிர்ச்சி என்று பெயர் வைத்தோம்

மார்ச் 3, செவ்வாய்

வாண்டுவுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். இடப்பக்க மார்பில், காம்புக்கு அடியில், கொண்டைக்கடலை அளவுக்கு ஏதோ கையில் தட்டுப்பட்டது. அழுத்தினேன். "வலிக்குதும்மா" என்று கையைத் தட்டிவிட்டாள். அவளுக்கு ஆறரை வயது. விழுந்த முன்பல் இன்னும் முளைக்கவில்லை.

அவரிடம் சொன்னேன். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். வீட்டில் எது கெட்டாலும் "ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தியா?" என்று முதலில் கேட்பார். இன்று எதுவும் கேட்கவில்லை.

போன வருடம் என் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தார்கள். கட்டி. கெட்ட கட்டி இல்லை என்றுதான் சொன்னார்கள். ஆனாலும் இந்த வீட்டில் அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை.

மார்ச் 4, புதன்

வலப்பக்கமும் இருக்கிறது. சின்னதாக.

மார்ச் 6, வெள்ளி

குழந்தைகளுக்கான ஹார்மோன் டாக்டரிடம் போனோம். கலகலப்பான அம்மா. வாண்டுவிடம் செருப்பு எப்போது வாங்கியது என்று கேட்டார். "ரெண்டு மாசத்துக்குள்ள கடிக்குது" என்றாள் பெருமையாக. இரண்டு கையாலும் மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போகவில்லை, ஆனால் பேச்சு குறைந்துவிட்டது.

"வீட்ல ஹார்மோன் சமாச்சாரம் ஏதாவது புழங்குதா?"

என் வாய் முந்திக்கொண்டது. "வீட்ல இல்ல டாக்டர். நான் வேலை பாக்குற லேப்லதான்." பாட்டிலில் வாழைக் கன்று வளர்க்கும் இடம், பத்து வருடமாக அங்கேதான், என் வேலையே ஹார்மோன் கலப்பதுதான் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

"அது செடிக்கானது. நம்ம உடம்பு அதைக் கண்டுக்காது" என்றார். ரத்தம் எடுத்தார்கள். இடது கையை எக்ஸ்ரே எடுத்தார்கள்.

என் ஆபரேஷனைப் பற்றி நான் சொல்லவில்லை. சொன்னால் இவளுக்கும் அதுதான் என்று எழுதிவிடுவாரோ என்று பயம். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் எக்ஸ்ரே அறையின் கதவைப் பார்த்தேன்.

மார்ச் 7, சனி

காலையில் குளித்து, குளிர்ச்சி தடவிக்கொண்டு, வாண்டுவுக்குத் தலை பின்னிவிட்டு வேலைக்குப் போனேன். ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பு திகுதிகுவென்று எரிகிறதே, அதற்குத் தோளில் தடவச் சொன்ன ஜெல்தான் குளிர்ச்சி. பெயர் வைத்தது வாண்டு. தடவிய உடனே ஓடி வந்து கன்னத்தைத் தோளில் வைத்து ஒட்டிக்கொண்டு நிற்பாள். ஜில்லென்று இருக்கிறதாம்.

லேப் மேஜையில் ஹார்மோனை நிறுக்க உட்கார்ந்தேன். கடுகில் பாதி அளவுக்கு எடுக்க வேண்டும். ஆக்சின் என்ற செடி ஹார்மோன் தூக்கலாக இருந்தால் வாழைத் துண்டு வேர் விடும். சைட்டோகைனின் தூக்கலாக இருந்தால் தளிராகத் தள்ளும். அளவு தப்பினால் வேரும் இல்லை, தளிரும் இல்லை, வெள்ளை வெள்ளையாய்ச் சதைக் கட்டிதான் வரும். பத்து வருடமாக அதைப் பார்த்துச் சாதாரணமாகக் குப்பையில் போட்டிருக்கிறேன். இன்று ஒரு பாட்டிலில் அதைப் பார்த்ததும் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

கையுறை போடாமல் எத்தனை நாள் கலந்திருப்பேன்? லேப் கோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அவள் சட்டையோடு சேர்த்துத் துவைத்தேனே, அது?

மார்ச் 11, புதன்

ரிசல்ட்.

எக்ஸ்ரேயில் அவள் எலும்புக்கு எட்டு வயது.

டாக்டர் காகிதத்தில் படம் போட்டுச் சொன்னார். சாதாரணமாக மூளைதான் முதலில் உத்தரவு போடும், அதற்கப்புறம்தான் சினைப்பை சுரக்கும். "இவளுக்கு மூளையிலேருந்து உத்தரவே வரல. ஆனா ரத்தத்துல பெண் ஹார்மோன் இருக்கு. ஒண்ணு, சினைப்பை தானா சுரக்குது. இல்லன்னா வெளியிலேருந்து உள்ள போகுது."

"வயசுக்கு வந்துருவாளா?" என்றார் என் வீட்டுக்காரர். வாண்டுவின் காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டுதான் கேட்டார்.

"இப்படியே விட்டா வரலாம். எலும்பும் சீக்கிரம் மூடிக்கும். இப்ப வளர்றா, அப்புறம் பொசுக்குன்னு நின்னுடுவா."

இன்னும் அழிரப்பரைக் கடித்துத் தின்கிறவள். பாத்ரூம் போனால் "முடிஞ்சிருச்சும்மா" என்று கத்துகிறவள். அவளுக்கு நான் என்ன சொல்லிக் கொடுப்பேன், எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்?

செடியில் உச்சி மொட்டு இருக்கும்வரை பக்க மொட்டுகள் தூங்கும். உச்சியிலிருந்து இறங்கும் ஆக்சின்தான் அவற்றை அடக்கி வைக்கிறது. நுனியைக் கிள்ளிவிட்டால் எல்லாம் விழித்துக்கொள்ளும். என் பிள்ளைக்கு நுனியைக் கிள்ளியது யார்?

மார்ச் 16, திங்கள்

ஸ்கேன். கட்டி இல்லை. சினைப்பை குழந்தைக்கு இருக்க வேண்டிய அளவில் இருக்கிறது. கடவுளே.

ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பேரும் அழுதோம். வாண்டு நடுவில் நின்று, "யாரு அடிச்சா?" என்று கேட்டாள்.

ஐந்து நிமிடம்தான் நிம்மதி. கட்டி இல்லை என்றால் வெளியிலிருந்து வருகிறது. வெளியிலிருந்து என்றால் என்னிடமிருந்து. வேறு யார்?

லேப் மேடத்துக்கு ஃபோன் பண்ணி ஒரு மாதம் லீவு கேட்டேன். "நீ படிச்ச பொண்ணுதானே? ஆக்சின் செடிகிட்டத்தான் பேசும், மனுஷங்ககிட்ட என்ன பேசப்போகுது?" என்றார். ஆனாலும் லீவு கொடுத்துவிட்டார். கோட்டு, வேலைக்குப் போடும் சுடிதார், பை எல்லாவற்றையும் மூட்டை கட்டி வெளியே போட்டேன்.

மார்ச் 21, சனி

அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை, நாள் முழுக்க அவளோடுதான் இருக்கிறேன். மதியம் என் தோளில் தலை வைத்துத் தூங்குகிறாள். சட்டைக்குள் பார்க்கப் பயமாக இருக்கிறது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

மார்ச் 30, திங்கள்

கூடியிருக்கிறது. மறுபடி எடுத்த ரத்தத்தில் அளவு கூடியிருக்கிறது. நான் லேப் பக்கமே போகவில்லை, துணியைத் தூக்கிப் போட்டேன், இரண்டு வாரமாக அவளை விட்டு ஒரு நிமிடம்கூட நகரவில்லை, அப்படியும் எப்படி? யாராவது சொல்லுங்களேன், எப்படி?

டாக்டர் மேஜையில் நான் உடைந்துபோனேன். என் ஆபரேஷன், சினைப்பை, கட்டி என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இதை ஏம்மா முதல்லயே சொல்லல? அதுக்கப்புறம் மருந்து ஏதாவது எடுத்துக்கறீங்களா?"

"மாத்திரை ஒண்ணும் இல்ல டாக்டர்."

டாக்டர் பேனாவை மறுபடி எடுத்தார். "புதன்கிழமை வாங்க. வீட்ல வாயில போடுறது, மேல பூசுறது, ஒண்ணு விடாம ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க."

ஏப்ரல் 1, புதன்

பையில் சோப்பு, ஷாம்பு, பவுடர், பற்பசை, அவருடைய ஷேவிங் கிரீம், கொசு மருந்து எல்லாம் போட்டேன். வாண்டுவும் உதவி செய்தாள். டாக்டர் மேஜையில் ஒவ்வொன்றாக எடுத்துவைத்து விளக்கம் வேறு கொடுத்தாள். "இது அப்பா மீசைக்கு. இது என் பல்லுக்கு." கடைசியில் நான் போடாத ஒன்றை எடுத்தாள். "இது அம்மாவோட குளிர்ச்சி. எனக்கும் ரொம்பப் பிடிக்கும்."

டாக்டர் டியூபைத் திருப்பிப் படித்தார். வாண்டுவிடம் கேட்டார், "உனக்கு எப்படிப் பிடிக்கும், காட்டு."

அவள் என் மடியில் ஏறி, என் தோளில் கன்னத்தை வைத்து, நெஞ்சையும் ஒட்டவைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் காட்டினாள்.

"தினமும்?"

"தினமும். இப்ப அம்மா வீட்லயே இருக்காங்கல்ல, மத்தியானமும்."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "இது பெண் ஹார்மோன்மா. உங்க உடம்புல நின்னுபோனதுக்குப் பதிலா குடுத்தது. தோல் வழியா உங்களுக்குள்ள போகுதுன்னா, ஒட்டிக்கிட்டு இருக்கிறவளுக்குள்ளயும் போகும்தானே?"

ஏப்ரல் 2, வியாழன்

குளிர்ச்சி ஹார்மோன் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். டியூபிலேயே எழுதியிருக்கிறது. தடவிய இடத்தைக் குழந்தைகள் தொடக் கூடாது என்று உள்ளே மடித்து வைத்த தாளில் இருக்கிறது. நேற்றுத்தான் பிரித்தேன். மில்லிகிராம் கணக்கில் வேலை பார்க்கிறவள் நான், ஒரு தாளைப் பிரித்துப் படிக்கவில்லை.

ஹார்மோன் என்று யார் சொன்னாலும் என் புத்தி நேராக வேலை மேஜைக்குத்தான் ஓடும். அது பாட்டிலில் இருப்பது, தராசில் நிறுப்பது, பூட்டி வைப்பது. வீட்டில் இருந்தது வெறும் குளிர்ச்சி. பழுத்த பழம் விடும் காற்று பக்கத்துக் காயையும் பழுக்க வைக்கும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லித் தருவேன். மனுஷ உடம்பில் அப்படியெல்லாம் நடக்காது, எல்லாம் ரத்தத்துக்குள்ளேயே ஓடும் என்றும் சேர்த்துச் சொல்வேன். அசடு. வடிகட்டின அசடு.

நான் கட்டிப்பிடித்ததெல்லாம் அவளுக்குள் விஷம் மாதிரி இறங்கியிருக்கிறது. பயத்தில் இன்னும் இறுக்கிப் பிடித்தேனே, அய்யோ.

அவர் மட்டும், "குளிர்ச்சின்னு கூப்பிட்டது நானும்தான்" என்றார்.

ஏப்ரல் 20, திங்கள்

ஹார்மோனை நிறுத்த முடியாது. நிறுத்தினால் என் எலும்பு கரையும் என்கிறார் என் டாக்டர். இப்போது ஜெல்லுக்குப் பதிலாக மாத்திரை. காலையில் விழுங்கிவிடுகிறேன். தோளில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவள் ஓடி வந்தால் என் உடம்பு தானாகப் பின்னால் போகிறது. இன்று "அம்மா, நான் அழுக்கா?" என்று கேட்டாள். சமையலறைக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மே 28, வியாழன்

ரத்தத்தில் இல்லை. சுத்தமாக இல்லை. மார்பும் இளகியிருக்கிறது.

"போன மாசங்களைத் திருப்பி எடுக்க முடியாது. எலும்பு முந்திப்போனது முந்திப்போனதுதான். மூளை இதைப் பாத்து தானும் சீக்கிரம் முழிச்சுக்காம இருக்கணும். ஆறு மாசமாவது பாக்கணும்" என்றார் டாக்டர். நான் நம்பிக்கையோடு தலையாட்டினேன். பயம் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஐம்பத்தாறு நாளைக்குப் பிறகு. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

செப்டம்பர் 4, வெள்ளி

பள்ளிக்கூடத்திலிருந்து வாண்டு அழுதுகொண்டே வந்தாள். பையை ஒரு மூலையில் எறிந்தாள். அப்பா வந்து கெஞ்சிய பிறகுதான் வாயைத் திறந்தாள். வருடத் தொடக்கத்தில் வரிசையில் கடைசியில் நின்றவள், இன்று டீச்சர் உயரம் பார்த்து மாற்றி நிறுத்தும்போது இரண்டு பேர் அவளுக்குப் பின்னால் போய்விட்டார்களாம்.

"நான் வளரவே இல்லம்மா" என்று தேம்பினாள். "எல்லாரும் வளர்றாங்க, நான் மட்டும் நின்னுட்டேன்."

நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் சுவரோடு நிறுத்தி அளந்தார். மே மாதத்திலிருந்து ஒரு சென்டிமீட்டரும் கொஞ்சமும். ஏழு வயதுப் பிள்ளைக்கு மூன்று மாதத்தில் எவ்வளவு வளர வேண்டுமோ அவ்வளவு. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது, நிறுத்தவே முடியவில்லை. வாண்டு கோபத்தில் என் தோளில் ஓங்கி ஓங்கிக் குத்தினாள். குத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.