அவர் விட்டுப்போன டர்னிப் விதை

12 நவம்பர் 1943, அதியமான்கோட்டை

டர்னிப் கிழங்கு நன்றாக விளைந்திருக்கிறது. யாருக்கு? இரண்டை நறுக்கித் துவரம்பருப்போடு வேகவைத்து, மிளகாய் தாளித்துக் களிக்குத் தொட்டுக்கொண்டேன். எதிர்வீட்டு ஜானகியம்மாளுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். நாற்றம் அடிக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அவள் வீட்டுக் கருவாடு மட்டும் மணக்கிறதாக்கும்.

15 நவம்பர்

ஓசூரில் ஒரு துரை பங்களாவில் தோட்டக்காரராக இருந்தபோது என் வீட்டுக்காரர் கொண்டுவந்த விதை இது. இந்தச் சூட்டில் கிழங்கு வைக்கும், பூக்காது. வருஷாவருஷம் நல்ல கிழங்குகளை ஓசூர்க் குளிரில் நட்டு விதை எடுத்து வருவார். அவர் காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. மிச்சமிருந்த விதையெல்லாம் இப்போது நிலத்தில். இவை பூக்காவிட்டால் அவ்வளவுதான். பிள்ளையும் இல்லை. அவர் கையால் வந்தது என்று சொல்ல எனக்கு வேறென்ன இருக்கிறது?

21 நவம்பர்

வத்தல்மலையிலிருந்து புளியும் தேனும் கொண்டுவரும் முனியாயி வந்தாள். மலையில் குளிருமே, அங்கே நட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். கொடு என்றாள். திரட்சியான கிழங்குகளைத் தழையோடு கூடையில் அடுக்கிக் கொடுத்தேன். அவள் கண்மறையும் வரை வாசலிலேயே நின்றேன். நான் ஒரு பைத்தியக்காரி.

8 டிசம்பர்

இன்று யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

2 பிப்ரவரி 1944

மஞ்சளாகப் பூத்திருக்கிறதாம்! முனியாயி வந்து சொன்னாள். அவள் போனபின் கிணற்றடியில் தனியாக நின்று சிரித்தேன். ஜானகியம்மாள் ஒரு மாதிரி பார்த்தாள்.

9 ஏப்ரல்

போச்சு. எல்லாம் போச்சு. முனியாயியின் மருமகள் சின்னபொண்ணு, காய்ந்த செடிகளைக் கடுகு என்று நினைத்து, கடுகோடு சேர்த்து அடித்துப் பானையில் கொட்டிவிட்டாளாம். விதை இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். இத்தனை நாளாக அதில்தான் தாளிக்கிறார்களாம்.

"என் புருசனையே தாளிச்சுத் தின்னுட்டீங்களே" என்று கத்தினேன் — ஐயோ, என்ன பேச்சு அது. முனியாயி எழுந்து போய்விட்டாள். கூடையைக்கூட எடுக்கவில்லை.

11 ஏப்ரல்

விதையும் போச்சு, வந்துபோன ஒருத்தியும் போனாள்.

20 ஏப்ரல்

மாமியாரும் மருமகளும் அந்தப் பானையைச் சுமந்துகொண்டு வந்து நின்றார்கள். சின்னபொண்ணு தலை நிமிரவில்லை.

"பாதிக்கு மேல இருக்குது, தீர்த்தம்மா. எது எதுன்னு எங்களுக்குத் தெரியல" என்றாள் முனியாயி. "மொத்தத்தையும் ஆடி கழிஞ்சு மலையில வெதச்சிடலாம். கெழங்கு வெச்சது உன்னுது, வெக்காதது எங்களுது. ஆனா நீ வந்து கூட இருக்கணும்."

அழுதேன். அப்புறம் அவர்களுக்கும் சேர்த்து உலை வைத்தேன்.

22 அக்டோபர், வத்தல்மலை

விதைக்க வந்தவள் இன்னும் இறங்கவில்லை. இன்று காலை வரப்போரமாகப் பிடுங்கிப் பார்த்தோம். கடுகு, கடுகு, மறுபடியும் கடுகு. கீழ்க்கோடியில் இருந்து சின்னபொண்ணு மண்ணோடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். வெள்ளையாக, உருண்டையாக. டர்னிப்தான். இருட்டுவதற்குள் இன்னும் சில கிடைத்தன. ஒன்றையும் சமைக்கவில்லை, விதைக்காகத் திரும்ப நட்டோம். கடுகுக்கீரையைக் கடைந்து மூன்று பேரும் களி தின்றோம்.

"பூக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போ" என்றாள் முனியாயி.

பூத்தால் போதுமா, விதை முற்ற வேண்டாமா என்று கேட்டேன்.