மூன்றாம் மெஷினின் பச்சை விளக்கு

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். தங்கச்சி முகத்துக்காகத்தான் பொறுத்தேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பதினொரு வருஷம் சேர்ந்து வேலை பார்த்தோம். நான் பட்டம் வாங்கிய சூப்பர்வைசர். நீங்கள் மெஷின் ஓட்டியவர். இருந்தும் எந்தக் கோளாறு என்றாலும் எல்லோரும் உங்கள் டீ பெஞ்சுக்குத்தான் ஓடினார்கள். நான் அந்தப் பக்கம் வந்தால் பேச்சு நின்றுவிடும். நான் எழுதிய கையேட்டின் மேல் டம்ளர் வைத்தீர்கள்.

போன வாரம், புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு மூன்றாம் மெஷினைத் திறந்ததில் கை வெந்துபோனது. திறக்கலாம் என்று பச்சை விளக்கு எரிந்தாலும் மெஷினுக்குள் வெந்நீர் நிற்கும் என்பது உங்களுக்கெல்லாம் தெரியுமாமே. எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை?

இப்படிக்கு,
உங்கள் மச்சான்


மார்ச் 12

அன்பு மச்சானுக்கு,

உங்க தங்கச்சி நல்லா இருக்கா. கடிதத்தை அவகிட்ட காட்டலை.

முதல் நாளே, "வாங்க மச்சான், டீ குடிங்க"ன்னு நகர்ந்து இடம் விட்டோம். "புத்தகத்துல இல்லாததையா பேசிடப் போறீங்க?"ன்னுட்டுப் போனீங்க. உங்களுக்கு 'புரொபசர்'னு பேர் வந்தது அன்னைக்குத்தான். சத்தியமா நான் வைக்கலை. டம்ளர் வெச்சது என் தப்புதான்.

மூணாவது மெஷினைக் காலால ஒரு தட்டு தட்டி, கதவுல காதை வைக்கணும். தளும்புற சத்தம் நின்னாத்தான் திறக்கணும். இதை யாரும் உட்கார வெச்சுச் சொல்லித் தரலை. பெஞ்சுல இருந்தா தானா காதுல விழும். அந்தப் பொண்ணு வந்தப்ப பெஞ்சே இல்லையே. அரட்டை அடிக்கிறாங்கன்னு எவனோ மொட்டைக் கடுதாசி போட்டான். பெஞ்சையும் தூக்கினாங்க, என்னையும் இந்த ஊருக்குத் தூக்கினாங்க. யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க. அடிக்க மாட்டேன். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "ஏன்டா?"ன்னு கேட்கணும், அவ்வளவுதான்.

அன்புடன்,
மாப்பிள்ளை


மார்ச் 19

மாப்பிள்ளை,

இன்று அந்தப் பெண்ணை வார்டில் பார்த்தேன். முழங்கை வரை கட்டு.

"லைட்டு பச்சையாத்தான் சார் இருந்துச்சு. கையேட்டுலயும் திறக்கலாம்னுதான் போட்டிருக்கு."

"ஆமாம்மா. நான்தான் எழுதினேன்" என்றேன். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

பிறகு சலவைக்கூடம் போய், மூன்றாம் மெஷினைத் தட்டிக் காதை வைத்தேன். உள்ளே தளும்பியது. பதினொரு வருஷம் அதற்கு முப்பதடி தள்ளி உட்கார்ந்திருக்கிறேன்.

பெஞ்சு ஸ்டோரில் கிடக்கிறது. திரும்பப் போடச் சொன்னேன். விசாரணை முடியட்டும் என்கிறார்கள்.

நீங்கள் தேடுகிறவனை எனக்குத் தெரியும். அடையாளம் தெரியக் கூடாதென்று அந்த மொட்டைக் கடுதாசியை இடது கையால் எழுதினான். இதை வலது கையால்தான் எழுதியிருக்கிறேன். பார்த்ததும் உங்களுக்குத் தெரிந்துவிடும். இருந்தும், கீழே கையெழுத்துப் போட மூன்று தடவை பேனாவை வைத்துப் பார்த்தேன். கை நகரவில்லை. இப்படியே ஒட்டித் தபாலில் சேர்த்துவிடுகிறேன்.