படிக்கட்டைப் பார்க்கும் கேமரா

ஓசூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ஜெபசீலிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் நலம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

வீடியோவில் வரவில்லையே என்று பயப்படாதே. வேலை போய் ரூமைக் காலிசெய்த பிறகும், அந்த வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, ரூமில் இருக்கும் பையன்களின் வைஃபையில்தான் உன்னோடு பேசிவந்தேன். என் சிம்மில் ரீசார்ஜ் இல்லை. போன வாரம் நெட்காரர்கள் ரூட்டரை மாற்றிவிட்டார்கள். செட்டிங் தெரியாமல், கூடத் தங்கியிருந்த லியோ என்னைக் கூப்பிட்டான். சந்தோஷமாகப் போனேன். பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையுமே போட்டேன்; டிவி, போன்கள், படிக்கட்டைப் பார்க்கும் கேமரா எல்லாம் தானாகச் சேர்ந்துகொண்டன. என் போனும்தான். டீ கொடுத்தார்கள்.

செருப்பை மாட்டும்போது லியோ சொன்னான்: "அண்ணா, படில உக்காந்து நம்ம நெட்டுல பேசறீங்கன்னு தெரியும். பாஸ்வேர்டு மாத்தறது எப்படின்னு காட்டிட்டு, அந்தப் பக்கம் திரும்பிக்கங்க."

காட்டினேன். திரும்பிக்கொண்டேன். அவன் புது பாஸ்வேர்டு போட்டு, என் போனை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மறுபடி சேர்த்துக்கொண்டான். சின்ன விஷயம், விடு.

யாராவது ஓசூர் வந்தால் என் கம்பளியைக் கொடுத்துவிடு. படுக்கிற ஷெட்டில் குளிர் அதிகம். கூடவே பாப்பா போட்டோ ஒன்று, பிரிண்ட் போட்டு.

பழக்கதோஷம், இதையும் அந்தப் படியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நான் சேர்த்துவிட்ட கேமராவிலிருந்து லியோவின் குரல் வருகிறது: "நல்லா தெளிவா தெரியறீங்கண்ணா. எந்திரிச்சுப் போங்க."

எழுந்துகொள்கிறேன்.

உன்
சவரிராஜ்